கோடு விழாத வீடு

ஏரி இருந்த வரைக்கும் அதற்கு முள்ளிச்சேரி ஏரி என்று பேர், ஏரியைத் தூர்த்து மனை பிரித்து விற்று முடித்த பிறகு அதற்கு லேக் வியூ நகர் என்று பேர், அந்த லேக் வியூ நகரிலே மூன்றாவது குறுக்குத் தெரு மேட்டில் ஆரம்பித்துப் பள்ளத்தில் முடியும், முடிகிற இடத்தில் கடைசி வீடு, கடைசி வீட்டில் மங்கையர்க்கரசி இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள் என்றால், அந்தத் தெருவைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி மண்ணைப் பற்றியது. மனை போட்டவர்கள் மேடு கட்ட மண் தேடி எங்கேயும் அலையவில்லை. கடைசி மனையில் தோண்டித் தோண்டி எடுத்து மற்ற மனைகளுக்கெல்லாம் கொட்டிவிட்டு, தோண்டின பள்ளத்துக்கும் ஒரு நம்பர் போட்டு, கொஞ்சம் விலை குறைத்து விற்றுவிட்டார்கள். வாங்கினவர் மங்கையின் புருஷன். லாரி ஓட்டினவர். வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மாடிப்படி கட்ட நினைத்திருந்தார், அது நினைப்போடு நின்றது, கொல்லைப்புறச் சுவரில் ஒரு மூங்கில் ஏணிதான் சாய்ந்திருந்தது.

தெருவிலிருந்து படி இறங்கித்தான் அவள் வாசலுக்குப் போக வேண்டும். அதனால் அவளுக்குப் பள்ளத்தக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. மாவு வாங்க வருகிறவர்கள் மேலேயே நின்று "பள்ளத்தக்கா, ஒரு கிலோ" என்று குரல் கொடுத்து, தூக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிவிடுவார்கள். இறங்கி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடித்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜைத்தூன் ஒருத்திதான்.

போன வருஷம் ஐப்பசி முதல் தேதி காலையில், தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு கோடு விழுந்திருந்தது. டீ டிகாக்ஷன் நிறத்தில், விரல் கனத்தில், நூல் பிடித்தது மாதிரி நேராக, சுவரிலே ஓடி, சுவரில் மாட்டின காலண்டரில் ஓடி, பீரோவில் ஓடி, பீரோக் கண்ணாடியில் ஓடி, கொக்கியில் தொங்கின சட்டையையும் விடாமல் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் சேர்ந்தது. சுண்ணாம்பு அடித்தால் சுண்ணாம்புக்கு மேலே வந்தது. பீரோவை நகர்த்தி வேறொன்றை வைத்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் புதிதாக வைத்ததிலும் அதே உயரத்தில் விழுந்தது. பெயின்ட் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கார்த்திகையில் மழை பிடித்தது, ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது, வந்த தண்ணீர் ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்தக் கோட்டைத் தொட்டு, ஒரு நாள் நின்று, கோட்டையும் கழுவிக்கொண்டு இறங்கிப் போனது. மேட்டு வீட்டில் வாசற்படி வரைக்கும். ஜைத்தூன் வீட்டில் இடுப்பு வரைக்கும். மங்கை வீட்டில் கதவு நிலைக்கு மேலே, பரண் வரைக்கும். மங்கை ஏணி வழியே மொட்டை மாடிக்கு ஏறித் தப்பித்தாள், கிரைண்டர் தப்பவில்லை.

அதற்குப் பிறகு கோட்டை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணி வசதி எப்படி, பஸ் வசதி எப்படி என்று கேட்கிற மூச்சிலேயே கோடு எவ்வளவு என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு முழங்கால்தான்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்கள். நகராட்சி ஒரு விதி போட்டது: கோட்டுக்குக் கீழே இனிமேல் யாரும் தரை போடக் கூடாது, போட்டிருந்தால் உயர்த்திக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒரு விதி போட்டது. அதை ஏஜென்ட் தணிகைமலை பைக்கை ஆஃப் பண்ணாமலே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்: "கோட்டுக்குக் கீழே இருக்கிறது தெரிஞ்சே தண்ணிக்கு வச்ச சாமான், அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லே. கோட்டுக்கு மேலே இருக்கிறது நனைஞ்சா கம்பெனி பொறுப்பு. பாலிசி எடுத்த அன்னிக்கே செல்லாது, கார்த்திகை பொறந்தாத்தான் செல்லும். கோட்டைப் பத்தி எது தெரிஞ்சாலும் மறைக்காமச் சொல்லிடணும், மறைச்சா பாலிசி இல்லே. புரிஞ்சுதா அண்ணே? புரியலேன்னாலும் கையெழுத்துப் போடலாம்."

இந்த வருஷம் ஐப்பசி பிறந்தது. கோடு வந்தது. போன தடவை வாசற்படியோடு நின்றது இந்தத் தடவை மேட்டு வீட்டில் முழங்கால் அளவு, அடுத்த வீட்டில் தொடை, அதற்கடுத்து இடுப்பு, அதற்கடுத்து மார்பு, ஜைத்தூன் வீட்டில் நிற்கிற ஆளின் தலைக்கு மேலே. இப்படி வீட்டுக்கு வீடு படியேறிக்கொண்டே வந்த கோடு, மங்கை வீட்டில் இல்லவே இல்லை. ஹாலில் இல்லை, அடுப்படியில் இல்லை, பரணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு அது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடும். தெருவில் யாரும் போடவில்லை. ஏனென்றால் அதைவிட நல்ல காரணம் ஒன்று கைவசம் இருந்தது.

"பாவம், போன வருஷம் அந்தப் பொம்பளை பட்டது போதும்னு ஏரி விட்டுடுச்சு" என்றார் மேட்டு வீட்டு ஞானசிகாமணி. ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருவின் நலச்சங்கச் செயலாளர், எதையும் ஒரு முறை சொன்னால் அது தீர்மானம். தெரு அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஏரிக்கும் இரக்கம் இருக்காதா என்றார்கள். மங்கையும் நம்பினாள். நம்புவதற்கு அவளுக்கு வேறு எவரையும்விட ஆசை இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது வெற்றுச் சுவரைத் தடவிப் பார்த்து, "எல்லாத்தையும் ஒரே வாட்டியா எடுத்துக்கிட்டே, இப்போ கணக்கு நேராச்சு போ" என்று ஏரியிடம் சொன்னாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. முதலில் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது, அதன் பின்னாலேயே வாஷிங் மெஷின், கல்யாணப் பட்டுப் புடவைகள் வைத்த டிரங்குப் பெட்டி, பூஜை அறைப் படங்கள், இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு வீட்டின் நிலைக்கதவே கழற்றி வந்தது. கயிற்றில் தூக்கை இறக்கினவர்கள் படி இறங்கி வந்து, "மங்கைம்மா, ஒரு ஓரமா வச்சுக்குறீங்களா" என்று கேட்டார்கள். பள்ளத்தக்கா என்ற பேர் அந்த வாரமே தெருவில் செத்துப்போனது. நகராட்சி ஆட்கள் வந்து அவள் வாசலில் 'வெள்ளப் பாதுகாப்பு மையம்' என்று பச்சைப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். தணிகைமலை பைக்கை ஆஃப் பண்ணிவிட்டே இறங்கி வந்தான்.

"அக்கா, இந்த ஊர்லயே தரையில இருந்து கூரை வரைக்கும் முழு வீட்டுக்கும் பாலிசி உங்க ஒருத்தருக்குத்தான். கோடே இல்லையே, அப்போ எல்லாமே கோட்டுக்கு மேலதானே. கம்பெனியில என்னைக் கூப்பிட்டுக் கை குடுத்தாங்க. இந்த வீடு போனா மேட்டுல ஒரு வீடு வாங்கிடலாம், அவ்வளவு தொகை."

"வீடு ஏன்டா போகுது, வாயைக் கழுவு" என்றாள் மங்கை. ஆனாலும் மேட்டு வீடு என்ற சொல் காதிலேயே தங்கிவிட்டது.

கடைசியாக ஜைத்தூனின் மாமனார் வந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், காதர் பாய், நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே இறக்கினார்கள்.

"மழை முடியற வரைக்கும் மாமு இங்கேயே இருக்கட்டும்க்கா" என்றாள் ஜைத்தூன். "எங்க வீட்டுல கோடு அவர் தலைக்கு மேல ஓடுது. அதைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்காரு, சோறு எறங்க மாட்டேங்குது."

மழை தொடங்கினதும் தெரு முழுக்க மங்கை வீட்டில் வந்து படுத்துக்கொள்வதென்று சங்கத்தில் தீர்மானம் ஆனது. அதற்காக மேட்டு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதென்றும் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அரிசி ஊறிக் கிடந்தது. டேங்கில் மிதவைப் பந்து மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து மங்கை புடவையைச் சொருகிக்கொண்டு கொல்லைப்புறம் போய் ஏணியில் ஏறினாள். போன வெள்ளத்துக்குப் பிறகு அவள் மாடிக்கு ஏறினதே இல்லை, ஏற மனசு வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்து பந்தைத் தட்டிவிட்டாள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பினவள் டேங்கின் வயிற்றில் ஓடுகிற கோட்டைப் பார்த்தாள்.

சேறு என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். முந்தானையில் கோடு விழுந்தது. கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள், அதிலும் சுற்றி ஓடியது. கொல்லைத் தென்னை மரத்தைப் பார்த்தாள், அதன் உடம்பிலும் அரைஞாண் கட்டினது போல அதே மட்டத்தில் நின்றது. கோடு அவள் வீட்டை விட்டுவிடவில்லை. வீட்டை முழுசாக உள்ளே வைத்து, கூரைக்கு மேலே கட்டியிருந்தது.

கீழே காதர் பாய் இருமினார். "யாரும்மா மேலே? டீ கெடைக்குமா?"

மங்கை இறங்கி வந்து டீ போட்டாள். சர்க்கரை இரண்டு முறை போட்டாள். கோடு விழுந்த புடவையை அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டாள். அன்று பகல் முழுவதும் மாவு அரைத்தாள், தேவைக்கு மேலேயே அரைத்தாள். சாயங்காலம் அவளை மேட்டு வீட்டுக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், அந்த வீட்டில் அவள் நாற்காலியில் உட்காருவது அதுதான் முதல் தடவை. ஞானசிகாமணி பொன்னாடை போர்த்தி, "இந்தத் தெருவுக்கே மங்கையர்க்கரசி அம்மாதான் மேடு" என்று பேசினார். கை தட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். கேசரி நன்றாகவே இருந்தது, அவள் சாப்பிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கார்த்திகை பிறந்த பிறகு, பாலிசி செல்ல ஆரம்பித்த பிறகு, சாமானையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஒன்றும் தெரியாதவள் போல இருந்துகொள்ளலாம் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததை அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது காதர் பாய் விழித்திருந்தார். பொன்னாடையைப் பார்த்துச் சிரித்தார், வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.

"என்னை எங்கேயும் கொண்டு போக வேணாம்னு மருமககிட்ட சொல்லிடும்மா. இந்த வீட்டுலதான் எனக்குத் தூக்கம் வருது. அண்ணாந்து பார்த்தா சுத்தமா இருக்கு."

மங்கை பொன்னாடையை மடித்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள். படி ஏறிப் போய் ஜைத்தூன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்க மாமனாரைத் தூக்கு. ஃபிரிட்ஜைத் தூக்கு. எல்லாத்தையும் தூக்கு. கோடு இருக்குது ஜைத்தூன். கூரைக்கு மேல இருக்குது."

ஜைத்தூன் வாயில் இருந்த நூலை எடுத்தாள். "வாடகை வேணும்னா நேராக் கேளுக்கா. ஒரு பொன்னாடைக்கே இப்படியா?"

தெருவும் அதைத்தான் சொன்னது, இன்னும் கொஞ்சம் உரக்க. மறுநாள் காலையில் எல்லோரும் அவள் வாசலில் கூடினார்கள். தலைக்கனம் என்றார்கள். இடம் கொடுக்க மனசில்லை என்றார்கள். மங்கை கொல்லைப்புறம் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏறிப் பாருங்க" என்றாள். முதலில் ஜைத்தூன் ஏறினாள். மேலே போனவள் இறங்கி வந்து நேரே ஹாலுக்குப் போய் மாமனாரின் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து அடுத்தவர் ஏறினார். அப்புறம் ஒவ்வொருவராக, அதுவும் வரிசை கட்டி, திருவிழாவில் தீர்த்தம் வாங்கப் போகிற மாதிரி பணிவாக ஏறி இறங்கினார்கள். கடைசியாக ஞானசிகாமணி ஏறினார். வெகுநேரம் மேலேயே நின்றார். அங்கிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும், தன் வீடும் தெரியும்.

"மங்கைம்மா" என்றார் மேலேயிருந்து. "போன வருஷம் நீ இங்கதானே உட்கார்ந்திருந்தே?"

"ஆமாங்கய்யா."

"எங்க வீட்டைப் பார்த்துக்கிட்டா?"

"வேற எதைப் பார்க்க? அது ஒண்ணுதான் நனையாம நின்னுச்சு."

அவர் இறங்கும்போது ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்.

தணிகைமலை மட்டும் ஏறவில்லை. சேதி கேட்டு ஓடி வந்தவன், ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் மேல ஏறலே. நான் எதையும் பாக்கலே. கார்த்திகைக்கு நாலு நாள்தான் இருக்கு. நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, என் காதுல விழுந்தா நான் எழுதியாகணும்."

"கோடு டேங்குல இருக்குது தம்பி."

"சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல!"

"தெருவுக்கே சொல்லிட்டு உனக்கு மட்டும் மறைக்கச் சொல்றியா? எழுதிக்க."

அவன் எழுதிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதியதாகச் சொல்வார்கள். கம்பெனி, மங்கை கட்டின பணத்தைத் திருப்பி அனுப்பி, வீடு முழுவதும் கோட்டுக்குக் கீழே வருவதால் எங்களுக்குப் பொறுப்பில்லை, தாங்கள் நேர்மையாகத் தெரிவித்தமைக்கு நன்றி என்று அச்சடித்த தாளில் தெரிவித்தது. நகராட்சி ஆட்கள் வந்து பச்சைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருந்தது.

ஃபிரிட்ஜுகள் படி ஏறின. டிரங்குப் பெட்டிகள் ஏறின. காதர் பாய் கட்டிலோடு ஏறினார், இந்தத் தடவை மேட்டு வீட்டு மாடிக்கு, முன்னால் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தது ஞானசிகாமணி. கார்த்திகையில் மழை பிடித்து ஏரி வந்தபோது தெரு முழுக்க அந்த மாடியில்தான் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, மங்கை மறுபடியும் தேவைக்கு மேலே அரைத்து வைத்த மாவில் இட்லி சுட்டுச் சாப்பிட்டது. பகல் வெளிச்சத்திலேயே அவள் வீடு உள்ளே போனது. முதலில் வாசல், பிறகு ஜன்னல், பிறகு கூரை, கடைசியில் டேங்கின் வயிறு வரைக்கும் வந்து, கோட்டைத் தொட்டு, நின்றது. "சரியா இருக்கு" என்றாள் மங்கை.

தண்ணீர் இறங்கினபோது அந்த வீடு சுவர் சுவராக உட்கார்ந்துவிட்டிருந்தது. பள்ளத்தின் விளிம்பில் தெரு கூடி நின்றது. பாலிசி இல்லை, படி இல்லை, வீடு இல்லை.

ஜைத்தூன்தான் சொன்னாள். "உன் மனை மண்ணு எங்க வீட்டுக்கு அடியிலதானேக்கா இருக்கு."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள், தன் முன்வாசலை மண்வெட்டியால் கொத்தினாள், துணி நனைக்கிற பெரிய பேசினில் மண்ணை வாரிக்கொண்டு வந்து பள்ளத்தில் கொட்டினாள். சத்தம்கூடச் சரியாக வரவில்லை, அவ்வளவு பெரிய பள்ளம். அடுத்த வீட்டுக்காரர் சிமென்ட் சட்டியில் கொண்டு வந்தார். அப்புறம் வாளி, கூடை, தள்ளுவண்டி. தீர்மானம் எதுவும் போடவில்லை. தை முழுக்க, மாசி முழுக்க, வேலைக்குப் போகும்போது ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை என்று தெரு தன் முன்வாசலையும் கொல்லையையும் கொத்திக் கொத்திக் கொண்டு வந்து கொட்டியது. மேட்டு வீட்டில் ரோஜாச் செடி இருந்த திட்டு முதலில் போனது, பிறகு ஞானசிகாமணி சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருகிற மேடையும் போனது. வாசலெல்லாம் தழைந்தது, பள்ளம் மேலே வந்தது.

பங்குனியில் நகராட்சி அதிகாரி ஜீப்பில் வந்தார். விதி தெரிந்த மனிதர். நிரம்பின பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாரைக் கேட்டு இதைத் தூர்த்தீங்க? தண்ணி வந்தா தங்குற இடம்யா இது. இங்க தங்குன தண்ணி இனிமே எங்க போகும், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்" என்றார் ஞானசிகாமணி. "எங்க வீட்டுக்கு."

அதிகாரி அவரைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்தார், பேசினோடு நின்ற ஜைத்தூனைப் பார்த்தார். தெரிந்தே செய்கிறவர்களுக்கு என்று தன்னிடம் தனி விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மங்கை வீடு கட்டினாள். தெரு கல் தூக்கியது, தெரு தண்ணீர் ஊற்றியது. இந்தத் தடவை முதலில் கட்டினது மாடிப்படி. பால் காய்ச்சின அன்றைக்குத் தெரு முழுக்க வந்து உட்கார்ந்து சாப்பிட்டது, இறங்க வேண்டிய படி எதுவும் இல்லை.

அடுத்த ஐப்பசி பிறந்த காலையில் அவள் கண் விழித்ததும் சுவரைத்தான் பார்த்தாள். கோடு இருந்தது. இடுப்பு உயரத்தில், டீ நிறத்தில், நேராக. எழுந்து வெளியே வந்தாள். தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்று, அடுத்தவர் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜைத்தூன் வீட்டில் இடுப்பு. அதற்கு மேலே இடுப்பு. அதற்கும் மேலே இடுப்பு. மேட்டு வீட்டில், முழங்காலைத் தாண்டினதே இல்லாத மேட்டு வீட்டில், ஞானசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகைமலை பைக்கில் வந்து தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தான். "எல்லாருக்கும் ஒரே ரேட்டு" என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக.

செங்கல் வண்டி வந்தது. ஃபிரிட்ஜுக்கு அடியில் வைக்க ஆளாளுக்கு எண்ணி இறக்கினார்கள். ஞானசிகாமணி தன் பங்கைத் தலையில் சுமந்துகொண்டு மங்கையின் வாசல் வழியே போனவர், ஒரு நிமிஷம் நின்றார்.

"உன்னாலதாம்மா எனக்கு இந்த வருஷம் நாலு கல்லு கூட."

"வச்சுட்டு வாங்க" என்றாள் மங்கை. "இட்லி ஆறிப்போகுது."

அவர் கல்லை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.